ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த அம்மன்

முதல் தடவை நடுக்கம் வந்தபோது நான் கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். அதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். வீட்டில் படுத்திருக்கும்போது வந்திருந்தால் அதற்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருப்பார்கள்.

ஜப்பான்காரன் காலம். மலாய் நாட்டில் செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஆடி வெள்ளி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். அரிசி இல்லை, கேழ்வரகு இல்லை. மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சியிருந்தார்கள். கற்பூரம் கிடைக்காததால் பனை எண்ணெயில் திரி போட்டு எரித்தார்கள். உடுக்கை அடிக்க ஆரம்பித்ததும் என் முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. பல் கிட்டியது. கையும் காலும் தானாக ஆடின.

பக்கத்தில் நின்ற பாக்கியம் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அடுத்த வீட்டுக்காரி. யாரோ குலவை போட்டார்கள். யாரோ என் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். குளிரில் நடுங்குகிறவள் தலையில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? இன்னும் ஆடினேன். ஆத்தா வந்துவிட்டாள் என்று முடிவாகிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் அம்மன் வந்து வெகு நாளாகியிருந்தது. வழக்கமாக அருள் வந்து ஆடுகிறவரையும் மற்ற ஆண்களோடு சயாமுக்கு (தாய்லாந்து), தண்டவாளம் போடக் கொண்டுபோய்விட்டார்கள். என் கணவரும் பாக்கியத்தின் கணவரும் ஒரே லாரியில் போனவர்கள். கேட்பதற்கு எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"தாயே, எம்புருஷன் வருவாரா?"

நடுக்கம் அடங்கி உடம்பில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. தலைக்குள் ஏதேதோ ஓடியது. வாயில் வந்ததைச் சொன்னேன். "வருவான்டி. கூட்டிக்கிட்டு வருவேன்."

ஆடுகிறவளுக்கு தான் சொன்னது எதுவும் நினைவிருக்காது என்பார்கள். எனக்கு நினைவிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாள்பட்ட காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். உடம்பு தேறிவிடும். ஆனால் தலைக்குள் ஓடுவதில் எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அடுத்த நாள் எனக்கு ஒன்றும் இல்லை. அடித்துப் போட்டது போன்ற அலுப்புதான். அதற்கடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் நடுங்கியது. பிறகு ஒரு நாள் ஓய்வு. பிறகு மறுபடியும். இதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர் (கொசுக்கடியால் வரும் மலேரியாவில் ஒரு வகை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும், முதலில் குளிர், பிறகு சூடு, கடைசியில் வேர்வை). லயத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது. அம்மன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறாள்.

முறை நாளன்று பெண்கள் வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். கையில் மரவள்ளிக் கிழங்கோ, ஒரு துண்டு கருவாடோ இருக்கும். ஒரு தடவை ஒருத்தி ஒரு பிடி அரிசி கொண்டு வந்தாள். அந்த அரிசியை எங்கிருந்து பிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாங்கித் தின்றேன். மூன்று மாதமாக என்னை ஏறெடுத்தும் பார்க்காத கங்காணி மனைவி என்னைத் தாயே என்று கூப்பிட்டாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நடுக்கம் தொடங்கியதும் பாக்கியம் வந்து என்னைப் பிடித்துக்கொள்வாள். சூடு ஏறி, பேச்சு வந்து, எல்லோரும் எழுந்து போன பிறகு கொட்டாங்கச்சியில் சுடுதண்ணீர் கொண்டு வந்து வாயில் ஊற்றுவாள். நான் வேர்த்துக் கிடக்கும் வரை பக்கத்திலேயே இருப்பாள். எனக்கு அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் கிடையாது.

அவளும் தன் கணவரைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கும் வருவார் என்றே சொன்னேன். என் கணவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை. ஆடுகிறவள் தனக்காகக் கேட்டுக்கொள்ள முடியாதே.

தோட்டத்து டிரஸர் சாமுவேல் (காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவர்) ஒரு முறை நாளில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியாகிவிட்டது. அவரிடம் மிச்சமிருந்தது ஒரு கத்தரிக்கோலும் உடைந்துபோகாத ஒரே ஒரு காய்ச்சல் குச்சியும்தான். அதை என் நாக்குக்குக் கீழே வைத்து எடுத்துப் பார்த்தார்.

"நூத்தி நாலு. ஏம்மா, உங்க ஆத்தாவுக்கு எப்பவும் இவ்வளவு சூடா?"

யாரும் சிரிக்கவில்லை.

"எத்தன மணிக்கு வருது?"

"ரெண்டு மணிக்கு, ஐயா" என்றாள் பாக்கியம்.

"பழைய மணியா, ஜப்பான் மணியா?"

"பழைய மணி."

"பாத்தீங்களா? ஜப்பான்காரன் கடிகாரத்த ஒன்றரை மணி தள்ளி வெச்சான். நாம எல்லாம் மாத்திக்கிட்டோம். இந்தக் காச்சல் மட்டும் மாத்திக்கல. அலோர் ஸ்டார் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அங்க இன்னும் கொஞ்சம் கொயினா இருக்கு."

கொயினா என்பது காய்ச்சலை முறிக்கும் கசப்பு மாத்திரை. சண்டைக்கு முன்னால் அதை எங்கள் வாயில் பலவந்தமாகத் திணித்துவிட்டு, விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இப்போது கேட்டாலும் கிடைக்காது.

அவர் போனதும் ஒருத்தி சொன்னாள். "அவரு வேதக்காரரு. அவருக்கு ஆத்தாவப் பத்தி என்னா தெரியும்?" வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐப்பசி மழை தொடங்கியபோது பாக்கியத்தின் மகள் ராசாத்திக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயதுக் குழந்தை. பத்து நாளில் முகம் வெளுத்து, வயிறு மட்டும் பெருத்துப் போனது. டிரஸர் பார்த்துவிட்டு, உடனே அலோர் ஸ்டாருக்குப் போ என்றார். பாக்கியம் துணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். புறப்படுவதற்கு முன்னால் அம்மனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வந்தாள்.

எங்கள் தோட்டத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. பாலத்தை வெள்ளைக்காரன் ஓடும்போது உடைத்துவிட்டுப் போனான். சம்பானில்தான் (சிறு படகு) தாண்ட வேண்டும். ஆண்களைக் கொண்டுபோன லாரியும் அக்கரையில்தான் நின்றது.

அன்று எனக்கு நல்ல சூடு. பாக்கியம் குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு, "தாயே, கொண்டு போவட்டா?" என்று கேட்டாள். என் வாயில் வந்தது இதுதான்.

"ஆத்தத் தாண்டாதே. தாண்டினவ திரும்ப மாட்டா. புள்ளய நான் பாத்துக்குறேன்."

அவள் மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து எனக்கு வந்த காய்ச்சல் இறங்கவில்லை. நினைவு தப்பியது. டிரஸர் யாரையும் கேட்காமல் இரண்டு ஆட்களை வைத்து என்னைத் தூக்கி, சம்பானில் போட்டு, ரயிலில் ஏற்றி அலோர் ஸ்டாரில் சேர்த்தார். ஆற்றைத் தாண்டக்கூடாது என்று சொன்ன அம்மனே முதல் ஆளாக ஆற்றைத் தாண்டிப் போனாள். நினைவு இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

கண் விழித்தபோது தரையில் பாயில் கிடந்தேன். கட்டில்கள் நிறைந்துவிட்டன. டாக்டர் நம் ஆள்தான், நாற்பது வயதிருக்கும், சரியாகத் தூங்காத கண். என் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பு, காய்ச்சல் நாள்பட்டால் வீங்கும்) கல் போல இருக்கிறது என்றார்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"ஆடியிலேர்ந்து, ஐயா."

"இவ்வளவு நாளா ஏன் வரல?"

என்னவென்று சொல்வது? நான் சாமியாக இருந்தேன் என்றா?

மாத்திரை மிகக் குறைவு. எனக்கு வேண்டியதில் பாதிதான் கொடுக்க முடியும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அதைத் தின்றதும் காதில் வண்டு இரைச்சல் கேட்டது. வாய் நாள் முழுக்கக் கசந்தது. ஆனால் நடுக்கம் குறைந்தது.

பக்கத்துப் பாயில் புவா என்ற சயாம் பெண் இருந்தாள். பெண்டாங் பக்கத்தில் நெல் பயிரிடுகிறவள். என் வயதுதான் இருக்கும். அவளுக்கும் முறைக்காய்ச்சல். எனக்குச் சயாம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் கடைத்தெரு மலாய் கொஞ்சம் தெரியும். அதை வைத்துக்கொண்டு பேசினோம்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் ஒரு தடவை, காய்ச்சல் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு தடவை, பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். குளிர் வந்து தோள் ஆடும்போதும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். பிறகுதான் படுப்பாள். அவள் நடுங்குவதைப் பார்த்து யாரும் குலவை போடவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

சாமி கும்பிடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். மூக்கின் கீழே விரலை வைத்து, "நாபாஸ் தெங்கோக்" என்றாள். மூச்சைப் பார். பிறகு நெற்றியைத் தொட்டுக் காட்டி, "டாத்தாங், தெங்கோக். பெர்கி, தெங்கோக். ஜாங்ஙான் ஈக்குட்" என்றாள். வருகிறதைப் பார். போகிறதைப் பார். அதன் பின்னால் போகாதே. அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். நான் மேற்கொண்டு கேட்டதற்கெல்லாம் இதையே திருப்பிச் சொன்னாள். அவளுக்கும் மலாய் அவ்வளவுதான் வந்தது.

வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் சோறு வந்தது. சுடச்சுடச் சோறு, மேலே கருவாட்டுக் குழம்பு. அதன் பின்னாலேயே போய் அரைமணி நேரம் தின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் நாளும் சோறுதான். மூன்றாம் நாள் கால் மரத்தது. நாலாம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப் பக்கத்துப் பாயில் விழுந்தேன். மனதைப் பார்ப்பது பெரிய தவம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அலுப்பான வேலை. தினமும் செய்ய வேண்டிய அலுப்பான வேலை.

எனக்குப் பிடிபட்டது என் தொழிலை வைத்துத்தான். பால்மரம் வெட்டுகிறவள் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள்) ஒரு மரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டிருக்க முடியாது. ஒரு கீறல், பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரியாக வைக்க வேண்டும், அடுத்த மரம். இந்த மரம் ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று நின்று யோசித்தால் வெயில் ஏறிவிடும், பால் நின்றுவிடும். நினைப்புகளையும் அப்படியே ஒரு நிரையாக வைத்துக்கொண்டேன். இது பசி. அடுத்தது. இது பயம். அடுத்தது. இது கங்காணி மனைவியின் மேல் எரிச்சல். அடுத்தது. சில மரங்களில் கத்தி மாட்டிக்கொள்ளும். பரவாயில்லை, உருவிக்கொண்டு நடக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் நின்றது. ஆனால் முறை நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு உடம்பு அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குரல் வந்தது.

ஆத்தத் தாண்டாதே.

கை கால் ஆடவில்லை. உடம்பு சுடவில்லை. ஆனால் அதே குரல், அதே அதிகாரம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மன் இங்கேயும் வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பழக்கத்தில் பார்த்தேன். இது ஒரு நினைப்பு. வந்திருக்கிறது. எங்கிருந்து?

அதன் பின்னால் சம்பான் தெரிந்தது. அதில் என் கணவர் குந்தி உட்கார்ந்திருக்கிறார். அக்கரையில் லாரி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, இது பயம். இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த முறை நாளும் அது வந்தது. அன்று சம்பானுக்கும் பின்னால் ஒன்று தெரிந்தது. சின்னதாக. ஒரு கொட்டாங்கச்சி. அதில் சுடுதண்ணீர். அதைப் பிடித்திருக்கும் பாக்கியத்தின் கை.

அவள் அலோர் ஸ்டாருக்குப் போய்விட்டால் எனக்குத் தண்ணீர் யார் கொடுப்பார்கள்?

அம்மன் பேசவில்லை. காய்ச்சல்கூடப் பேசவில்லை. தாகம் பேசியிருக்கிறது. ஒரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எனக்கு வேண்டியதைக் கேட்டிருக்கிறேன். நான் அன்று வாய்விட்டு அழுதேன்.

மருந்துக்கு அலைந்துகொண்டு வந்த டிரஸர் சாமுவேல் அந்த வாரம் என்னையும் பார்க்க வந்தார்.

"ராசாத்தி இருக்காளா, ஐயா?"

"இருக்கா. இருக்கான்னுதான் சொல்லணும். கால் வீங்கிடுச்சு. தூக்கிட்டு வான்னு கெஞ்சிப் பாத்துட்டேன். ஆத்தா சொல்லாம ஆத்தத் தாண்ட மாட்டேங்கறா. நீயாச்சும் வந்து சொல்லும்மா. எனக்கு ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கு." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவரும் மெலிந்து போயிருந்தார்.

டாக்டர் இன்னும் ஒரு வாரம் இரு என்றார். மண்ணீரல் இறங்கவில்லை, வழியில் விழுந்தால் நான் பொறுப்பில்லை என்றார். சரி ஐயா என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். புவா அப்போது காய்ச்சலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

தோட்டத்துக்கு வந்ததும் நேராகப் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். குழந்தை மூலையில் துணி போல் கிடந்தது. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது.

"பாக்கியம், நான் அன்னிக்குச் சொன்னது ஆத்தா சொன்னது இல்ல. காச்சல்ல நான் பொலம்பினது. புள்ளயத் தூக்கு, இப்பவே போவலாம்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "வேதக்காரரு சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல. சத்தியமா நானே சொல்றேன்."

"அதான் நானும் சொல்றேன். நீ சொல்ற. ஆத்தா சொல்லல. ஆத்தா சொன்னத நீ எப்படி மாத்துவே? அவளே வந்து சொல்லட்டும், தூக்கிட்டு ஓடுறேன்."

எவ்வளவோ சொன்னேன். என் வாயால் நான் சொன்ன எதற்கும் அந்த லயத்தில் மதிப்பில்லை. சுடுதண்ணீரைப் பற்றி மட்டும் அன்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மூச்சைப் பார்த்தேன். ஒரு நினைப்பு வந்தது. ஆடிவிடு. பார்த்தேன். போகவில்லை. இது பொய். அதுவும் வந்தது, அதையும் பார்த்தேன். அதுவும் போகவில்லை. இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டன. இந்தப் பழக்கம் உங்களுக்கு என்ன செய்வதென்று சொல்லிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். செய்கிறது யார் என்று காட்டும். செய்ய வேண்டியவள் நான்தான்.

மறுநாள் பழைய மணி இரண்டுக்கு, வாசலில் பெண்கள் இருக்கும்போது, ஆடினேன். குளிரவில்லை. ஆனால் குளிர்ந்தால் எப்படி இருக்கும் என்று என் உடம்புக்கு மனப்பாடம். பல்லைக் கிட்டிக்கொண்டேன். தோளை உதறினேன். பாக்கியம் ஓடிவந்து வழக்கம் போல என்னை இடுப்போடு பிடித்துக்கொண்டாள். வேப்பிலை வந்தது. மஞ்சள் தண்ணீர் வந்தது.

"புள்ளயத் தூக்கிக்கிட்டு ஆத்தத் தாண்டுடி. இப்பவே போ. நான் முன்னால போறேன்."

அன்று வந்த களைப்பு எந்தக் காய்ச்சலிலும் எனக்கு வந்ததில்லை.

டிரஸர் சம்பானைத் தயாராக வைத்திருந்தார். கேட்டதற்கு, மூன்று நாளாகவே வைத்திருக்கிறேன் என்றார். அலோர் ஸ்டாரில் அதே டாக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டார். கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் தேவையில்லாமல் அலைந்திருப்பீர்கள் என்றார். பாதி மாத்திரையை நுணுக்கிச் சர்க்கரைவள்ளியில் பிசைந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் இருந்தோம். ராசாத்தி பிழைத்தாள்.

தோட்டத்தில் அதை அம்மன் கருணை என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஆடவும் இல்லை. ஆத்தா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். கங்காணி மனைவி மறுபடியும் என்னைப் பார்க்காமல் போக ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பாக்கியம் வாசலில் உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். ராசாத்தி ரப்பர் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"அஞ்சல, அன்னிக்கு ஆத்தா வரல. அப்படித்தானே?" என்றாள் பாக்கியம், கத்தியை நிறுத்தாமல்.

நான் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தேன்.

"நான்தானே உன்னப் புடிச்சிருந்தேன். ஆத்தா வந்தா உன் ஒடம்பு கொதிக்கும், என் கையெல்லாம் சுடும். அன்னிக்குச் சில்லுன்னு இருந்துச்சு."

"தெரிஞ்சும் எதுக்குப் போனே?"

"உனக்குப் பொய் சொல்ல வராது. பங்கு பிரிக்கையில ஒரு கருவாட்டுத் துண்டு கூடுதலா வந்துட்டாலும் எடுத்துக்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுக்குறவ. நீ அத்தன பேரு முன்னால நின்னு பொய்யா ஆடுறேன்னா, எம்புள்ள கையவிட்டுப் போவப் போவுதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது."

ஒரு கிழங்கைச் சீவி முடித்துச் சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"ஆனா அவரு வருவாருன்னு சொன்னியே, அன்னிக்கு ஒடம்பு கொதிச்சுதுலா."

அவள் குரலில் இருந்த ஆசையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நினைப்பு வந்தது. பார்த்தேன். அதன் பின்னால் போகவில்லை.

"அதுவும் காச்சல்தான், பாக்கியம். வரணும்னு எனக்கு இருந்துச்சு, அதான் வாயில வந்துச்சு. வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது." நிறுத்த முடியவில்லை. மிச்சத்தையும் சொன்னேன். "ஆத்தத் தாண்டாதேன்னு சொன்னதும் நான்தான். நீ போயிட்டா எனக்குச் சுடுதண்ணி யாரு குடுப்பாங்கன்னு பயந்துட்டேன். அதுக்குத்தான் உம்புள்ளயப் போவ விடல."

கத்தி நின்றது. ராசாத்தி ஒரு கொட்டையை என் காலடியில் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். பாக்கியம் அவள் போவதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உன் வூட்டுக்காரரப் பத்தி யாருமே கேக்கலேன்னுதானே நெனச்சுக்கிட்டு இருக்கே? நான் கேட்டேன். உன்னப் புடிச்சுக்கிட்டு, காதுகிட்ட. ஒரு தடவ இல்ல, மூணு தடவ கேட்டேன். எல்லாருக்கும் சொன்ன நீ அதுக்கு மட்டும் வாயே தொறக்கல."

சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆடும்போது சொன்னதெல்லாம் நினைவிருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். இது நினைவில் இல்லை. கோபத்தில் சொன்னாளா, எனக்காகவும் கேட்டேன் என்று தெரியட்டும் என்று சொன்னாளா, எனக்குத் தெரியாது. வெகு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். மற்றதெல்லாம் பேசினோம், இதை மட்டும் பேசவில்லை.

சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் வீட்டில் அம்மன் வாக்கு பலித்தது என்றார்கள். வராதவர்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியத்தின் கணவர் வரவில்லை. என் கணவரும் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் வரவில்லை.

என் இடது விலாவுக்குக் கீழே இன்னும் ஒரு கனம் இருக்கிறது. குனிந்து எழுந்தால் தெரியும். கடிகாரத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மாற்றிவிட்டார்கள். என் உடம்பு எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பழைய மணி இரண்டுக்கு, முதுகில் ஏதோ ஏறப் போவது போலக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்போது அந்தக் குரல் வருகிறது. வாயே திறக்கவில்லை என்றால் அவர் வர மாட்டார் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று சொல்கிறது. அம்மன் இல்லை, காய்ச்சல் என்று பாக்கியத்திடம் சொன்னவள் நான்தான். எனக்கு நானே சொல்லும்போது மட்டும் அது எடுபடுவதில்லை. மூச்சைப் பார்க்கிறேன். இது ஒரு நினைப்பு, வந்திருக்கிறது என்கிறேன். சில நாள் போய்விடுகிறது. சில நாள் இருட்டும் வரை கூடவே உட்கார்ந்திருக்கிறது.